வெண்டல் சொன்ன பனிக்கட்டிக் கதை

வெண்டல் நோவாக் அந்தக் கதையை ஆரம்பித்துவிட்டால் நிறுத்த மாட்டார். யாரும் நிறுத்தச் சொன்னதும் இல்லை. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில், மைதானத்துக்கு வெளியே வண்டிகள் நிற்கும் புல்வெளியில், பச்சை பெயின்ட் அடித்த தன் பழைய பள்ளிப் பேருந்துக்குப் பக்கத்தில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு, ஒரு கையில் பியரும் மறு கையில் கரண்டியுமாக நிற்பார். புதிதாக ஒரு ஆள் வந்து மாட்டினால் போதும்.

“எனக்கு அப்ப பத்து வயசு. காய்ச்சல் நூத்தி நாலு. எங்கம்மா தெர்மாமீட்டரை எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறி வர்றா. அன்னிக்குன்னு பாத்து நம்ம பரம வைரி கென்டன்காரனோட ஆட்டம்! நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஜன்னலைத் திறந்தேன். வெளியில கூரையோரமா தொங்கிக்கிட்டிருந்த பனிக்கட்டிய ஒடிச்சு வாயில போட்டுக் கடிச்சு முழுங்கினேன். போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன். வாயில வெச்ச தெர்மாமீட்டர் என்ன சொல்லுச்சு? பையன் குத்துக்கல்லாட்டம் இருக்கான்னு சொல்லுச்சு!”

“போன வருஷம் நூத்தி மூணுன்ன. அதுக்கு முன்ன நூத்தி ரெண்டு,” என்று தீவனக் கடை ஆர்லன் குறுக்கே விழுவார். “இன்னும் ரெண்டு சீசன் போனா நீ அந்தக் காய்ச்சல்ல செத்தே போயிருப்ப, வெண்டல்.”

“செத்தாலும் ஆட்டத்துக்குப் போயிருப்பேன்யா! நம்ம பசங்க ஜெயிச்சாங்கல்ல அன்னிக்கு!”

எல்லாரும் சிரிப்பார்கள். வெண்டல் அடுத்த கிண்ணத்தில் மிளகாய்க் காரமும் பீன்ஸுமாகக் கொதிக்கும் சில்லியை ஊற்றி, பக்கத்தில் இலவங்கப்பட்டை மணக்கும் ஒரு இனிப்பு ரொட்டி ரோலை வைத்துக் கொடுப்பார். இந்த இரண்டையும் சேர்த்துத் தின்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பதுண்டு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறீர்களே என்று கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்பவர்களுக்கு எங்கள் ஊரான ஆஷ்கிரீக்கில் சில்லியும் கிடையாது, ரோலும் கிடையாது.

எங்கள் கல்லூரி அணிக்கு ‘உழவர்கள்’ என்று பெயர். பல வருடங்களாகத் தோற்பதையே தொழிலாக வைத்திருந்தார்கள். இருந்தாலும் ஊர் மொத்தமும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும். நெப்ராஸ்காவில் நவம்பர் மாதம் செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது?

மைதானத்துக்கு எதிரே, தெருவைத் தாண்டினால் குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு சீசனுக்கும் புல்வெளியில் கூடும் ஒவ்வொரு வண்டிக் கூட்டமும் அங்கிருந்து ஒரு பிள்ளையைத் தங்கள் பிள்ளையாக எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். பச்சைச் சட்டை, மைதானத்தில் இடம், வீட்டுக்குச் சாப்பாடு, அந்தக் குடும்பத்துக்கு என்ன உதவி வேண்டுமோ எல்லாம். வெண்டலின் பேருந்துக்குப் பின்னால், அவருடைய அப்பாவின் பண்ணையில் சாப்பாட்டுக்குக் கூப்பிட அடித்த பெரிய மணி தொங்கும். வீரர்கள் வரிசையாக மைதானத்துக்குள் நடந்து போகும்போது அந்தப் பிள்ளை மணியை அடிக்கும். அவர்கள் ஒவ்வொருவரும் அதன் உள்ளங்கையில் தட்டிவிட்டுப் போவார்கள். சிங்கம் மாதிரி இருக்கிற பையன்கள், அந்தக் கைக்கு வலிக்கக் கூடாது என்று குனிந்து, பூவைத் தொடுவதுபோலத் தொடுவார்கள். அதைப் பார்த்துக் கண் கலங்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை.

இந்த வருடம் வெண்டலின் கூட்டத்துக்கு வந்தவள் ஹேட்டி. ஒன்பது வயது. ரத்தப் புற்றுநோய். தலையில் முடி கிடையாது. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு பெரிய கண்கள். தாய் கோரின் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். தகப்பன் எப்போதோ போய்விட்டான். வெண்டல் முதல் நாளே தன் டயர் கடையிலிருந்து கோரினின் காருக்குப் பனிக்கால டயர் மாட்டிக் கொடுத்தார். ஆர்லன் அவள் வீட்டு வாசலில் பனி வாரினார். வெண்டலின் மனைவி பெவ், ஹேட்டிக்கு மஞ்சள் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தாள்.

ஹேட்டி மணி அடித்த முதல் சனிக்கிழமை உழவர்கள் ஜெயித்தார்கள். சரி, ஏதோ நடந்துவிட்டது என்றது ஊர். அடுத்த ஆட்டமும் ஜெயித்தார்கள். அதற்கடுத்ததும்.

அதன் பிறகு எங்கள் ஊர் ஊராக இல்லை. ஆர்லன் முதல் வெற்றியன்று போட்ட கால்சட்டையைத் துவைக்கவிடாமல் பெண்டாட்டியோடு சண்டை போட்டார். ஹேட்டி அதே மஞ்சள் தொப்பியைத்தான் போட வேண்டும், பேருந்தில் வெண்டலுக்குப் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும், மணியை இடது கையால்தான் அடிக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சட்டம் போட்டார்கள். மளிகைக் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க அதிர்ஷ்டமே நீதாம்மா” என்று அழுதேவிட்டார். வெண்டல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். “என்ன கேப்டன்!” என்பார். “வாங்க கேப்டன்!” என்பார்.

அக்டோபர் கடைசியில், இன்னொரு வெற்றிக்குப் பிறகு, தாயையும் மகளையும் பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுவிட்டபோது பின் சீட்டிலிருந்து ஹேட்டி கேட்டாள்.

“வெண்டல், நான் ஒரு வாட்டி வரலைன்னா என்ன ஆகும்?”

“என்ன ஆகுமா? தோத்துடுவோம்! ஊரே திரண்டு வந்து உங்க வீட்டுக் கதவத் தட்டும்!” என்று வெண்டல் தொடையில் தட்டிச் சிரித்தார். “உன்னை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா, கேப்டன்?”

கண்ணாடியில் பார்த்தார். ஹேட்டி சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, அறுத்து முடித்த சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் அதை மறந்துவிட்டார்.

கென்டன்காரர்களோடு ஆட்டம் நவம்பரில் வந்தது. சொந்த மைதானத்தில் கடைசிக்கு முந்தைய ஆட்டம். காலையிலிருந்தே பொடிப்பனி. புல்வெளியில் கால் வைக்க இடமில்லை. வெண்டலின் கதையைக் கேட்க இரண்டு பத்திரிகைக்காரர்கள் வேறு வந்திருந்தார்கள். அவர் நூத்தி நாலை நூத்தி அஞ்சாக்கினார்.

டாக்டர்கள் கோரினுக்குத் திட்டமாகச் சொல்லியிருந்தார்கள். வெளியே போகலாம், ஆனால் காலையிலும் மத்தியானமும் காய்ச்சல் பார்க்க வேண்டும். புற்றுநோய் மருந்துகள் ஓடுகிற உடம்பில் எதிர்த்து நிற்கச் சக்தி கிடையாது. காய்ச்சல் தலைகாட்டினால் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இது வெண்டலுக்கும் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் மணி அடிப்பதற்கு முன் கோரின் பேருந்துக்குள் பிள்ளையைக் கூப்பிட்டு வாயில் தெர்மாமீட்டர் வைப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

அன்றும் கோரின் பேருந்துக்குள் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். வெண்டல் பியர் எடுக்கப் பேருந்தின் மறுபக்கம் போனார். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஹேட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முகக்கவசம் தாடைக்குக் கீழே கிடந்தது. இரண்டு கன்னமும் ஐஸால் உப்பியிருந்தன. கையுறைக்குள்ளும் ஒரு பிடி வைத்திருந்தாள். கண்களில் ஒரு பளபளப்பு. கன்னத்துச் சிவப்பு குளிரால் வந்த சிவப்பு அல்ல.

அவரைப் பார்த்து அவள் பயப்படவில்லை. கூட்டாளியைப் பார்த்தவள்போலச் சிரித்தாள். உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

வெண்டலுக்குப் புரிந்தது. புரியாமல் இல்லை. ஆனால் வீரர்கள் அந்தப் பக்கம் வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். மேளம் கேட்டது. கென்டன்காரர்களின் ஊதாக் கொடிகள் தெருமுனையில் தெரிந்தன. பிள்ளைகள் ஐஸ் தின்பது வழக்கம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானத்தை அவரே நம்பவில்லை. இருந்தும் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“ஹேட்டி! வா, வாயத் திற,” என்று கோரின் கூப்பிட்டாள்.

சற்று நேரத்தில் அவள் குரல் வந்தது. “சரியா இருக்கு. போ, மணி அடி.”

மணி ஊர் முழுக்கக் கேட்டது.

உழவர்கள் பிரமாதமாக ஆடினார்கள். ஹேட்டி கோரினுக்கும் வெண்டலுக்கும் நடுவில் போர்வைக்குள் இருந்தாள். வெண்டல் ஆட்டத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்தார். பாதி ஆட்டம் நெருங்கும்போது போர்வை நடுங்கத் தொடங்கியது. கோரின் கையுறையைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் கை வைத்தாள்.

“சுடுது. வெண்டல், நெருப்பாச் சுடுது!”

அவர் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறினார். ஆஷ்கிரீக் எப்பேர்ப்பட்ட ஊர் என்பதை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். ஆட்டத்தின் உச்சத்தில் வரிசை வரிசையாக எழுந்து வழி விட்டார்கள். யாரோ தன் கோட்டைக் கழற்றிப் பிள்ளைமேல் போர்த்தினார். கென்டன்காரன் ஒருவன் முன்னால் ஓடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டே போனான். போலீஸ்காரர் தெருவில் வண்டிகளை நிறுத்தினார். அத்தனை பேருடைய நல்ல மனதும் தன்னைத் திட்டுவதுபோல இருந்தது வெண்டலுக்கு. ஹேட்டி அவர் காதுக்குள் ஏதோ முனகினாள். குனிந்து கேட்டார்.

“இன்னும் நாமதானே ஜெயிச்சுக்கிட்டிருக்கோம்?”

“ஆமா, கேப்டன்,” என்றார்.

ஆஸ்பத்திரியில் கதவுகள் அவளை உள்ளே வாங்கிக்கொண்டன. உழவர்கள் இரண்டாம் பாதியில் நொறுங்கிப்போய்த் தோற்றார்கள். சாயங்காலம் ஆர்லன் போன் செய்தார்.

“குட்டி எப்படி இருக்கா?”

“தீவிர சிகிச்சையில வெச்சிருக்காங்க.”

“கடவுளே. கோரின் கிட்ட சொல்லு, நாங்க எல்லாரும் பிரார்த்தனை பண்றோம்.” சற்றுத் தயங்கினார். “ஆனா பாரேன் வெண்டல், அவ எழுந்து போனதும்தான்யா எல்லாம் தலைகீழாச்சு.”

வெண்டல் போனை வைத்தார். ஆர்லன் கெட்டவர் இல்லை. அடுத்த நாள் காலை முதல் ஆளாகக் கோரினின் வீட்டு வாசலில் பனி வாரப்போனவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கீழே புல்வெளியில் கூட்டம் கூடியது. தோற்ற வீரர்கள் அத்தனை பேரும் வந்து, எந்த ஜன்னல் என்று தெரியாமல் எல்லா ஜன்னலையும் பார்த்துக் கையசைத்தார்கள். பெண்கள் மூடிபோட்ட பாத்திரங்களில் சாப்பாடு கொண்டுவந்தார்கள். “பஸ்ஸக் கொண்டாங்க வெண்டல், அவளுக்குக் கேக்கற மாதிரி மணிய அடிப்போம்,” என்றார்கள். அவர் கொண்டுவந்தார். மணிக்கு முன்னால் நின்று கயிற்றைப் பிடித்தார். கை மேலே எழவில்லை. கூட்டம் அவரைப் பார்த்து, பாவம், மனுஷனுக்குத் துக்கம் தாங்கவில்லை என்றது. ஒரு பெண் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “உங்க மாதிரி மனசு யாருக்கு வரும்?” என்றாள். அவளைத் தள்ளிவிட்டு ஓடலாம் போல இருந்தது அவருக்கு.

கயிற்றை ஆர்லனிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனார்.

கோரின் நடைகூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நேற்றுப் போட்ட பச்சைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை.

“மருந்து பிடிச்சிடுச்சு,” என்றாள் அவரைப் பார்த்ததும். “ஆபத்தில்லைன்னு இப்பதான் சொன்னாங்க. கொஞ்சம் தாமதிச்சிருந்தாக்கூட...” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு. மத்தியானம் பாத்தேன், இல்லைன்னு சொன்னேன். சரி சரின்னு தலையாட்டறாரு. அவர் நம்பலை. எனக்கே நம்பிக்கை இல்லை. அவசரத்துல சரியா வைக்காம எடுத்துட்டேன் போலிருக்கு. மேளம் கேட்டுச்சா, எல்லாரும் காத்துக்கிட்டிருந்தாங்களா... என் பிள்ளைய நானே...”

இவள் இப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுக் கீழே போய்விட முடியும். வெண்டலுக்கு அந்த எண்ணம் வரத்தான் செய்தது. வந்ததற்காகவே தன்மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

“நீங்க சரியாத்தான் பாத்தீங்க, கோரின். அவ வாயில ஐஸ் இருந்துச்சு.”

“என்ன?”

“ஐஸ். நீங்க கூப்பிடறதுக்கு முன்னால பஸ்ஸுக்குப் பின்னால உக்காந்து கடிச்சுக்கிட்டிருந்தா. நான் பாத்தேன்.”

கோரின் அவர் முகத்தையே பார்த்தாள். “எதுக்குன்னு தெரிஞ்சா பாத்தீங்க?”

“தெரிஞ்சுதான். என் கதையக் கேட்டுத்தானே அவ கத்துக்கிட்டா.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க.”

“சும்மா இருந்தேன். கண்ணடிச்சேன்.”

அவள் கத்துவாள், அறைவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் குனிந்து தன் சட்டையின் பச்சைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் எவ்வளவோ பண்ணீங்க,” என்றாள் கடைசியில். “டயர், சாப்பாடு, பனி வாரறது. அதனாலயே நான் அவகிட்ட ஒண்ணு கேக்கல. உனக்கு இது பிடிச்சிருக்கான்னு கேக்கல. பிடிக்கலைன்னு சொல்லிட்டா உங்க முகத்துல எப்படி முழிக்கறதுன்னு பயந்தேன். என்கிட்ட மன்னிப்பு கிடிப்புன்னு எதுவும் கேக்காதீங்க. என்கிட்ட அது இப்ப இல்ல. உள்ள போங்க. முழிச்சுக்கிட்டிருக்கா. அடுத்த ஆட்டத்துக்குள்ள வீட்டுக்கு அனுப்புங்கன்னு நர்ஸோட மல்லுக்கு நிக்கறா. நான் சொன்னா கேக்கல. ஆரம்பிச்சு வெச்சவரு நீங்கதானே, நீங்களே போய் முடிங்க.”

ஹேட்டி தலையணையில் சாய்ந்திருந்தாள். கையில் குழாய்கள். அந்த வெக்கையான அறையிலும் மஞ்சள் தொப்பி காது வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அவரைக் கண்டதும் உதடு துடித்தது.

“சாரி, வெண்டல். பாதியில போயிட்டேன். அதான் தோத்துட்டோம்.”

வெண்டல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“நான் ஒரு கதை சொல்வேனே, பனிக்கட்டிக் கதை. அன்னிக்கு நாம ஜெயிக்கல.”

“ஜெயிச்சோம்னுதானே எப்பவும் சொல்வீங்க?”

“பொய். பாதி ஆட்டம்கூட நான் தாங்கல. எங்கப்பா கோட்டு மேல வாந்தி எடுத்தேன். என்னை அள்ளிப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. அதுவரைக்கும் நம்மாளுங்கதான் முன்னால இருந்தாங்க. அப்புறம் பந்தக் கீழ விட்டுட்டுத் தோத்து மண்ணக் கவ்வினாங்க. ‘உன்னாலதாண்டா’ன்னு எங்கப்பா வழியெல்லாம் திட்டினாரு. வேடிக்கையாத்தான் திட்டினாரு போல. ஆனா எனக்கு அது வேடிக்கையா தெரியல. ரொம்ப வருஷம் அத நம்பிக்கிட்டிருந்தேன்.”

ஹேட்டி யோசித்தாள். “நீங்க வாந்தி எடுத்தா அவங்க ஏன் பந்தக் கீழ விடணும்?”

“அதானே?”

“நீங்க இருக்கற பக்கம்கூட அவங்க பாத்திருக்க மாட்டாங்க.”

“பாத்திருக்க மாட்டாங்க.”

“அப்ப நான் மணி அடிச்சதால ஜெயிக்கலையா?”

இந்த ஒரு வார்த்தையைச் சொல்வது அவருக்குச் சுலபமாக இல்லை. மனதின் ஒரு மூலையில் அவரே அதை இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

“இல்ல, ஹேட்டி.”

“ஒரு வாட்டிகூட?”

“ஒரு வாட்டிகூட இல்ல. அந்தப் பசங்க நல்லா ஆடினாங்க, ஜெயிச்சாங்க. நேத்து மோசமா ஆடினாங்க, தோத்தாங்க. நீ வரவே வேண்டாம். வரலைன்னா ஒண்ணும் ஆகாது.”

பிள்ளை வாடிப்போவாள் என்று நினைத்தார். ஹேட்டி ஒரு பெரிய மூச்சு விட்டாள். குழாய் இல்லாத கையால் தொப்பியைக் கழற்றிப் போர்வைமேல் போட்டாள். நெற்றியைச் சுற்றிக் கம்பளி அழுத்திய சிவப்புக் கோடு தெரிந்தது.

“இது ரொம்ப அரிக்கும்,” என்றாள். பிறகு, அதைப் பின்னிய பெவ்வுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோலக் குரலைத் தணித்தாள். “அங்க ரொம்பக் குளிரும், வெண்டல். எனக்கு அந்த ஆட்டம் புரியவே இல்ல. ரோல் மட்டும்தான் பிடிக்கும்.”

வெண்டலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின. இரண்டையும் விழுங்கிக்கொண்டு தலையாட்டினார். கீழே ஆர்லன் மணி அடிக்கும் சத்தம் கண்ணாடியைத் தாண்டி லேசாகக் கேட்டது.

“வெண்டல், ஐஸ் விஷயத்த அம்மாகிட்ட சொல்லிடாதீங்க,” என்றாள் ஹேட்டி அவசரமாக. “நான் யாருகிட்டயும் சொல்லல. டாக்டர் கேட்டப்பகூட சொல்லல. உங்ககிட்ட கத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா உங்களத் திட்டுவாங்க.”

அவர் அவளைப் பார்க்க முடியாமல் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“சொல்லிட்டேன்.”

“திட்டினாங்களா?”

“இல்ல. திட்டல.”

ஹேட்டியின் கண்கள் விரிந்தன. அவர்மேல் வந்த இரக்கத்தில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ,” என்றாள். “அப்ப ரொம்பக் கோவமா இருக்காங்க.”